கரையும் நாரும் பன்றியின் செரிமானமும்: தடை நொதியிலா, வழியிலா?

பன்றித் தீவனத்திலுள்ள கரையும் நார்ச்சத்து நூறாண்டுக்கும் மேலாகக் கணக்கில் வராமலே இருந்தது. ஜெர்மனியில் கோட்டிங்கனை அடுத்த வீண்டேயில் ஹென்னபெர்க்கும் ஸ்டோமனும் 1860-களில் வகுத்த முறைப்படி, தீவன மாதிரியை நீர்த்த கந்தக அமிலத்திலும் பிறகு காரத்திலும் கொதிக்கவைத்து, எஞ்சிய சக்கையை மட்டும் ‘கச்சா நார்’ என்று எடுத்துக்கொண்டார்கள். கரையும் நார்வகைகளான பெக்டினும் பீட்டா-குளுக்கனும் பெரும்பாலும் கரைசலோடு போய்விடும். கழித்தல் கணக்கில் அவை மாவுச்சத்தும் சர்க்கரையும் அடங்கிய பிரிவில் சேர்ந்துவிடும். பன்றியின் சொந்த நொதிகளால் உடைக்கவே முடியாத பொருள், எளிதில் செரிப்பவற்றோடு எண்ணப்பட்டது. 1967-இல் வான் சோஸ்டும் வைனும் வெளியிட்ட டிடர்ஜென்ட் முறை அசைபோடும் விலங்குகளுக்குப் பேருதவியாக இருந்தாலும், பெக்டின் அதிலும் கரைந்தே வெளியேறியது. இங்லிஸ்டும் கம்மிங்ஸும் 1980-களில் கேம்பிரிட்ஜில் செம்மைப்படுத்திய முறைதான் மாவுச்சத்தல்லாத பல்சர்க்கரைகளைக் கரைவன, கரையாதன என்று பிரித்து அளக்க வழிசெய்தது. டென்மார்க்கின் பாக் நுட்சன் இத்தகைய அளவீடுகளைத் தீவனப் பொருள்களுக்கென்று தொகுத்து வெளியிட்டபோது ஆண்டு 1997.

அளவு கிடைத்தாலும் காரணம் கிடைத்துவிடவில்லை. 1970-களின் இறுதியிலிருந்து ஷ்னீமன் முதலானோர் கணைய நொதிகளை நார்ப்பொருள்களோடு சோதனைக் குழாயில் கலந்து பார்த்தார்கள். சில நார்வகைகள் நொதிகளின் செயலைக் குறைத்தன. நார் நொதியையே முடக்குகிறது என்ற விளக்கம் இதனால் வலுப்பெற்றது. எனினும், குழாயில் இருப்பது ஓர் அளவு நொதி மட்டுமே. உயிருள்ள கணையமோ ஒவ்வோர் உணவுக்கும் தேவைக்கு மிகுதியாகவே சுரக்கிறது. நொதியில் ஒரு பங்கு செயலிழந்தாலும் செரிமானம் குன்ற வேண்டும் என்பதில்லை. ஆகவே, கரையும் நாரின் முதன்மையான தடை நொதியின் அளவில் இல்லை, நொதியும் உணவும் குடற்சுவரும் ஒன்றையொன்று சென்றடையும் வழியில்தான் இருக்கிறது என்பது என் வாதம்.

இதற்கு ஆகத் தெளிவான சான்று, ரெயின்பேர்டும் லோவும் ஸெப்ரோவ்ஸ்காவும் 1984-இல் வெளியிட்ட ஆய்வு. வளரும் பன்றிகளின் சிறுகுடலில் தனியே பிரித்த ஒரு பகுதிக்குள் அவர்கள் குளுக்கோஸ் கரைசலைச் செலுத்தினார்கள். அதில் கரையும் நாரான கொத்தவரைப் பிசின் சேர்ந்ததும் குளுக்கோஸ் உறிஞ்சப்படுவது கணிசமாகக் குறைந்தது. குளுக்கோஸை உடைக்க எந்த நொதியும் வேண்டியதில்லை. எனவே இங்கே நொதிமேல் பழிபோட இடமே இல்லை. கெட்டிப்பட்ட கரைசலில் மூலக்கூறுகள் குடற்சுவரை மெதுவாகவே எட்டுகின்றன. பத்தாண்டு கழித்து மோசந்தினும் சாவரும் அஹ்ரன்ஸும் தீவனத்தில் மக்காச்சோள மாவுச்சத்தைக் குறைத்து 7.5 விழுக்காடு பெக்டின் சேர்த்தபோது, சிறுகுடலின் கடைமுனையில் அளந்த அமினோ அமிலச் செரிமானம் சரிந்தது. கணையச் சுரப்போ மாறவில்லை. இச்சரிவு முழுவதும் தீவனப் புரதம் செரிக்காமல் போனதால் வந்தது என்று கொள்ளக்கூடாது. குடல் தானே சுரக்கும் சளிப்புரதமும் நுண்ணுயிர்ப் புரதமும் அந்த அளவீட்டில் கலந்திருக்கும்.

சாணத்தில் அளந்தால் இந்த இழப்பு பெரிதாகத் தெரிவதில்லையே என்று கேட்கலாம். கரையும் நாரும் செரிக்காமல் தப்பிய மாவுச்சத்தும் பெருங்குடலில் நொதித்து, அசிட்டிக், புரோபியோனிக், பியூட்டிரிக் அமிலங்களாக மாறிப் பன்றிக்கு ஓரளவு ஆற்றல் தருகின்றன. அங்கே சிதையும் புரதத்தின் நைட்ரஜனோ பெரும்பாலும் அம்மோனியாவாக உறிஞ்சப்பட்டுச் சிறுநீரில் கழிகிறது, தசையாவதில்லை. சாணக் கணக்கு மறைப்பது இதைத்தான். கோழியின் குடலைவிடப் பன்றியின் குடலில் நீர் அதிகம், ஆகவே பாகுத்தன்மை அங்கே பொருட்டல்ல என்ற மறுப்புக்கு வலு கூடுதல். பார்லித் தீவனத்தில் பீட்டா-குளுக்கனேஸ் நொதி சேர்த்தால் கோழிக்குஞ்சில் கிடைக்கும் பலன் வளர்ந்த பன்றியில் சீராகக் கிடைக்காததும் அதனால்தான். ஆயினும் இந்த மறுப்பு தடையின் அளவைக் குறைக்கிறது, தன்மையை மாற்றுவதில்லை. பால் மறந்த குட்டிகளிடம் அந்தத் தடை மீண்டும் வெளிப்படுகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவில் மெக்டொனால்டு குழுவினர் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், நுண்ணுயிர்களால் எளிதில் நொதிக்கவியலாத கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸைச் சேர்த்துக் குடற்சாற்றைக் கெட்டியாக்கினார்கள். குட்டிகளின் சிறுகுடலில் கழிச்சலை உண்டாக்கும் ஈ.கோலை வகை பெருகியது. சாற்றின் கெட்டித்தன்மையால் உறிஞ்சப்படாமல் தங்கிய சத்து அந்த நுண்ணுயிர்களுக்கு இரையாயிருக்கும் என்பதே எனக்குப் பொருந்தும் விளக்கமாகப் படுகிறது.