பக்கிங்காம் கால்வாய் பிறந்த கதை

சோழமண்டலக் கரையில் அலை மூர்க்கமானது. அந்நாளில் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரமிட்டு நிற்கும். மசூலாப் படகுகள்தான் அலையைத் தாண்டிச் சரக்கைக் கரைசேர்க்கும். ஆறுகளோ மேற்கிலிருந்து கிழக்கே ஓடுபவை. வடக்கிலிருந்து தெற்கே மூட்டை கொண்டுபோக அவை உதவா. ஆனால் கரையை ஒட்டி எண்ணூர், பழவேற்காடு, முட்டுக்காடு என்று உப்பங்கழிகள் வரிசையாகக் கிடந்தன. இடையிலுள்ள நிலத்தை வெட்டி அவற்றை இணைத்துவிட்டால், கடலில் இறங்காமலே கடலோரம் முழுக்கப் படகு விடலாம். கால்வாயின் கரு அதுதான்.

முதல் துண்டுக்குப் பணம் போட்டவர் பாசில் காக்ரேன். கப்பற்படைக்கு உணவுப்பொருள் வழங்கிச் செல்வம் சேர்த்த ஒப்பந்தக்காரர். 1806-ல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை 18 கி.மீ. வெட்டினார்கள். பிறகு அது பழவேற்காட்டைத் தொட்டது. 1837-ல் அரசு எடுத்துக்கொண்டது. வடக்கிலும் தெற்கிலும் கால்வாய் வளர்ந்தது. நகரத்துக்குள் மட்டும், கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே, ஏறக்குறைய 8 கி.மீ. வெட்டப்படாமல் நின்றது.

அதை வெட்டவைத்தது பஞ்சம். 1876-ல் மழை பொய்த்தது. தாது வருஷத்துப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொன்னது அதைத்தான். தென்னிந்தியாவிலும் தக்காணத்திலும் 50 லட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டதாக மதிப்பிடுகிறார்கள். பஞ்ச நிவாரண வேலையாகவே 1877-78-ல் அந்த இடைவெளியைத் தோண்டினார்கள். நிவாரண வேலை என்றால் என்ன கூலி? உழைக்கும் ஆணுக்கு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்று 1877 தொடக்கத்தில் விதித்தார் இந்திய அரசின் பஞ்சத் தூதர் ரிச்சர்டு டெம்பிள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அதிலும் குறைவு. உயிர் தரிக்க இது போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் போராடிய பிறகே கூலி கூடியது. பட்டினி கிடந்தவர்கள் மண் சுமந்தார்கள். கால்வாய்க்கு அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயரைச் சூட்டினார்கள். எனக்கு இது இன்றும் ஆறவில்லை.

ஆந்திரத்தின் பெத்தகஞ்சாமிலிருந்து நம் மரக்காணம் வரை சுமார் 420 கி.மீ. நீண்டது அந்த நீர்வழி. ஸ்ரீஹரிகோட்டாக் காட்டு விறகு இதில் வந்துதான் சென்னை அடுப்புகளில் எரிந்தது. நெல் வந்தது, உப்பு வந்தது. காற்று வாகாக அடித்தால் பாய் விரிப்பார்கள். இல்லையென்றால் கோல் ஊன்றித் தள்ளுவார்கள், அல்லது கரையில் நடந்து கயிறு கட்டி இழுப்பார்கள். பாரதிதாசன் நண்பர்களோடு மாமல்லபுரத்துக்குப் போனதும் இதில்தான். ‘மாவலிபுரச் செலவு’ அந்தப் படகுப் பயணத்தில் விளைந்த கவிதை.

ரயிலும் லாரியும் சரக்கைப் பறித்துக்கொண்டன. 1960-களின் புயல்கள் கரைகளைச் சிதைத்தன. கழிவுநீர் புகுந்தது. கடைசியில் பறக்கும் ரயிலின் தூண்களைக் கால்வாய்க்குள்ளேயே நட்டோம்.

2008-ல் மத்திய அரசு இதைத் தேசிய நீர்வழி 4-இல் சேர்த்து அறிவித்தது. சென்னைக்குள் இன்னும் ஒரு சரக்குப் படகும் ஓடவில்லை. படகு வருவது இருக்கட்டும். முதலில் கழிவுநீர்க் குழாய்களை அடைத்துவிடுங்கள், தூர் வாருங்கள், பஞ்சத்தில் இதை வெட்டியவர்களுக்காகக் கரையில் ஒரு கல்வெட்டு வையுங்கள்.