நெகிழ்வு மின்தேவையும் திறந்த தொடர்புச் சீர்தரங்களும்

நெகிழ்வு மின்தேவைக்கான திறந்த தொடர்புச் சீர்தரங்கள் என்பவை, மின்வழங்கு நிறுவனத்தின் கணினியும் நுகர்வோரிடம் உள்ள கருவிகளும் மின்பயன்பாட்டைக் குறைப்பது, தள்ளிப்போடுவது, கூட்டுவது பற்றித் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்வதற்கான பொது விதிகள் ஆகும். எந்த நிறுவனமும் இவ்விதிகளைப் படித்துத் தன் கருவியில் அமைத்துக்கொள்ளலாம். ஒரே நிறுவனத்தின் கருவிகளையே வாங்கவேண்டிய கட்டாயம் இல்லை. இவற்றுள் பரவலாக அறியப்பட்டது 'ஓப்பன் ஏடிஆர்'. இந்திய மின்னளவிகளுக்கான ஐஎஸ் 15959 இதற்கு நெருங்கிய உறவுடையது.

மின்சாரத்தைப் பெருமளவில் சேமித்து வைப்பது கடினம். தேவைப்படும் அளவை அந்த நொடியிலேயே உற்பத்தி செய்ய வேண்டும். உற்பத்தி போதாதபோது தேவையைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதை யார், எப்படிக் குறைப்பது என்பதே இந்த வரலாற்றின் மையக் கேள்வி.

மின்வெட்டுக் காலம்

தாம்பரத்துக்குத் தெற்கே ஜி.எஸ்.டி. சாலையில் உள்ள மறைமலை நகர், சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தால் துணை நகரமாக உருவாக்கப்பட்டது. மறைமலை அடிகளின் பெயர் தாங்கிய இவ்வூரில் சிட்கோ தொழிற்பேட்டையும், ஃபோர்டு மகிழுந்து ஆலையும், அவற்றைச் சார்ந்த உதிரிபாகப் பட்டறைகளும் வளர்ந்தன. தமிழ்நாட்டில் 2008 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின் கட்டுப்பாடுகள் இத்தகைய ஊர்களையே நேராகத் தாக்கின. உயரழுத்த நுகர்வோருக்கு 40 விழுக்காடு வெட்டு விதிக்கப்பட்டது. மாலை 6 மணி முதல் 10 மணி வரையிலான உச்ச நேரத்தில் விளக்குக்கும் காவலுக்கும் போதுமான சிறு அளவு மட்டுமே அனுமதிக்கப்பட்டது. 2012இல் வாரம் ஒரு நாள் மின் விடுமுறையும் சேர்ந்துகொண்டது. அவ்வாண்டு பிப்ரவரி இறுதியில் சென்னை மாநகருக்கு நாளொன்றுக்கு 2 மணி நேர வெட்டு வந்தது. பிற மாவட்டங்களின் நிலை அதைவிடப் பன்மடங்கு மோசம். கட்டுப்பாடுகள் முழுமையாக விலக்கப்பட்டது 2015 சூன் மாதத்தில்தான்.

இந்த ஏழாண்டு முறையை 'தேவை மேலாண்மை' என்று அழைப்பதுண்டு. உண்மையில் அது விழுக்காட்டுக் கணக்கும் கடிகாரமும் மட்டுமே. பட்டறைக்குள் எது ஓடுகிறது என்பது அதற்குத் தெரியாது. நெகிழி வார்ப்பு எந்திரத்தில் மின்சாரம் திடீரென நின்றால், உருகிய பொருள் உருளைக்குள்ளேயே இறுகிவிடும். வெப்பப் பதனிடும் உலையைப் பாதியில் நிறுத்தினால் உள்ளே உள்ள பாகங்கள் வீணாகும். ஆனால் அதே கட்டடத்தில் காற்றழுத்தி, குளிரூட்டி, நீரேற்றி, மின்கல ஏற்றி ஆகியவற்றை அரை மணி நேரம் தள்ளிப்போட்டால் யாருக்கும் நட்டமில்லை. நான்கில் ஒரு பங்கைக் குறைக்கத் தயங்காத ஒரு பட்டறை, வெட்டின் வடிவத்தால் முழுவதையும் இழந்தது. எஞ்சிய வழி டீசல் ஜெனரேட்டர். அதில் கிடைக்கும் ஒரு யூனிட்டின் செலவு வாரியத்தின் விலையைப் போல இரு மடங்குக்கும் மேல். பெரிய ஆலைகள் அதைத் தாங்கின. பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறைகளுக்கு அது எளிதாக இருக்கவில்லை.

தேவையைத் தள்ளிவைப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. உழவர்களுக்கு மும்முனை மின்சாரத்தைப் பகலில் சில மணி, இரவில் சில மணி என்று குழு குழுவாகப் பிரித்துக் கொடுப்பது அதே வேலைதான். நள்ளிரவில் மோட்டார் போட வரப்பில் நடந்து போகும் உழவரே அந்த ஏற்பாட்டில் 'தானியங்கிக் கருவி'.

கலிபோர்னியாவில் தொடக்கம்

மின்கம்பி வழியாகவே சைகை அனுப்பி வெந்நீர்க் கொதிகலன்களை அணைக்கும் முறை நியூசிலாந்தில் 1950களிலேயே பரவலாக இருந்தது. ஆனால் அது ஒருவழிப் பேச்சு. கருவி கேட்டதா, குறைத்ததா என்பதை அறிய முடியாது.

2000, 2001 ஆண்டுகளில் கலிபோர்னியா கடும் மின் நெருக்கடியைச் சந்தித்தது. அதன்பின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் மேரி ஆன் பியெட் தலைமையிலான குழு, கட்டடங்களுக்கு இணையவழியில் விலைச் செய்தி அனுப்பி, கட்டடத்தின் கட்டுப்பாட்டு அமைப்பே தானாக மின்சுமையைக் குறைக்கச் செய்யும் ஆய்வைத் தொடங்கியது. 2003இல் ஐந்து இடங்களில் முதல் சோதனை நடந்தது. அனுப்பப்பட்ட விலை கற்பனையானது; குறைந்த மின்சுமை உண்மையானது. இந்த அனுபவத்தின் அடிப்படையில் ஓப்பன் ஏடிஆர் 1.0, 2009 ஏப்ரலில் கலிபோர்னிய எரிசக்தி ஆணையத்தின் வெளியீடாக வந்தது. 2010இல் இதற்கென ஒரு கூட்டமைப்பு உருவானது. 2.0 பதிப்பின் விரிந்த வடிவம் 2013இலும், பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் ஐஇசி 62746-10-1 சீர்தரம் 2018இலும் வெளியாயின.

இதன் செயல்முறை எளிது. மேல்முனையில் மின்நிறுவனத்தின் வழங்கி. கீழ்முனையில் நுகர்வோரின் கருவி. மேல்முனை ஒரு 'நிகழ்வை' அறிவிக்கும்: தொடங்கும் நேரம், நீளும் காலம், தீவிரத்தின் படிநிலை அல்லது விலை. கீழ்முனை 'கலந்துகொள்கிறேன்' என்றோ 'இம்முறை இயலாது' என்றோ விடை தரும்; பின்பு பயன்பாட்டின் அளவைத் தெரிவிக்கும். இருபுறமும் மின்னணுச் சான்றிதழால் அடையாளம் உறுதிசெய்யப்படும். எந்த எந்திரத்தை நிறுத்துவது என்பதைச் செய்தி சொல்வதில்லை. அதை முடிவுசெய்வது பட்டறைக்காரர். மறைமலை நகரின் ஏழாண்டுகளில் இல்லாமல் போனது இந்த ஓர் உரிமைதான்.

இந்தியாவில் இதன் முதல் பெரிய முயற்சி சென்னையில் அன்றி தில்லியில் நடந்தது. 2014 வாக்கில் டாட்டா பவர் தில்லி பகிர்மான நிறுவனம் ஹனிவெல் நிறுவனத்துடன் சேர்ந்து, வணிக, தொழில் நுகர்வோரிடம் தானியங்கித் தேவைக் குறைப்பை நடத்திப் பார்த்தது. பெர்க்லி ஆய்வகத்தினரும் அதன் விளைவுகளை ஆராய்ந்தனர்.

அளவியின் மொழி

இந்தியா முழுவதற்குமாக நடந்த சீர்தரப் பணி மின்னளவியில்தான். ஒவ்வொரு தயாரிப்பாளரின் மின்னணு அளவியும் தனக்கே உரிய மொழியில் பேசியதால், பத்து நிறுவனங்களிடம் அளவி வாங்கிய வாரியம் பத்து மென்பொருள்களை வைத்திருக்க வேண்டியிருந்தது. இதைத் தீர்க்க, பன்னாட்டு அளவில் வழங்கும் டிஎல்எம்எஸ்-கோசெம் முறையைத் தழுவி இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2011இல் ஐஎஸ் 15959ஐ வெளியிட்டது. இதில் ஒவ்வோர் அளவுக்கும் ஆறு எண்கள் கொண்ட முகவரி உண்டு, 1.0.1.8.0.255 என்று கேட்டால், எந்த நிறுவனத்தின் அளவியும் இதுவரை பெறப்பட்ட மொத்த யூனிட்டைச் சொல்லும். திறன் அளவிகளுக்கான ஐஎஸ் 16444, 2015இல் வந்தது. சென்னை தியாகராய நகரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட திறன் அளவிகள் பொருத்தப்பட்டன. அதற்கு முன்பே, 2012இல், பவர் கிரிட் நிறுவனம் புதுச்சேரியில் திறன் மின்கட்டமைப்பு முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியிருந்தது.

ஐஎஸ் 15959இன் தலைப்பிலேயே அளவி வாசிப்பு, கட்டண வீதம் ஆகியவற்றோடு 'மின்சுமைக் கட்டுப்பாடு' என்ற சொல்லும் உண்டு. திறன் அளவிக்குள் இணைப்பைத் துண்டிக்கும் நிலைமாற்றியும் இருக்கிறது. ஆயினும் அளவியால் செய்யக்கூடியது வீடு முழுவதையும் துண்டிப்பதும் உச்சவரம்பு வைப்பதுமே. குளிர்பதனப் பெட்டியை விட்டுவிட்டு வெந்நீர்க் கலனை மட்டும் நிறுத்தும் ஆற்றல் அதற்கில்லை. அளவி ஆணையிடும் மொழியைப் பேசுகிறது. ஓப்பன் ஏடிஆர் கேட்கும் மொழியைப் பேசுகிறது. இரண்டும் ஒன்றே என்று கருதுவது, தெருவாரியாக நடந்த 2012இன் மின்வெட்டை வீடுவாரியாக மாற்றுவதாக மட்டுமே முடியும்.

மாநிலத்தின் மிகப் பெரிய நெகிழ்வுத் தேவையான 20 லட்சத்துக்கும் மேற்பட்ட உழவு மின்இணைப்புகள் இந்தப் பேச்சுக்கு வெளியே நிற்கின்றன. 1970களில் சி. நாராயணசாமி நாயுடு தலைமையில் மின்கட்டணத்தை எதிர்த்துப் போராடிய நினைவு கொங்கு நாட்டில் இன்னும் மறையவில்லை; கிணற்றடியில் அளவி வந்தால் பின்னாலேயே கட்டணம் வரும் என்ற ஐயம் எளிதில் நீங்கக்கூடியதன்று.

அண்மைக் காலம்

2023 சூனில் ஒன்றிய அரசு திருத்திய நுகர்வோர் உரிமை விதிகள், 10 கிலோவாட்டுக்கு மேற்பட்ட வணிக, தொழில் நுகர்வோருக்கு 2024 ஏப்ரல் 1 முதல் நேரவாரிக் கட்டணத்தை வகுத்தன; சூரிய ஒளி நேரத்தில் விலை குறைவு, உச்ச நேரத்தில் மிகுதி. தமிழ்நாட்டு உயரழுத்த நுகர்வோர் இதற்குப் பல்லாண்டு முன்பிருந்தே உச்ச நேரக் கூடுதல் கட்டணம் செலுத்தி வருகின்றனர். ஆனால் இது ஆணையில் அச்சிட்ட நேரப் பட்டியல்; ஆரல்வாய்மொழிக் கணவாயில் இன்று காற்று வீசுகிறதா, கமுதியில் மேகம் மூடியிருக்கிறதா என்பது பட்டியலுக்குத் தெரியாது.

2024 மே 2 அன்று மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதற்குச் சில மாதங்களுக்கு முன், 2023இன் பிற்பகுதியில் வெளியான ஓப்பன் ஏடிஆர் 3.0, இணையச் செயலி எழுதும் எவரும் கையாளத்தக்க எளிய வடிவத்துக்கு மாறியிருந்தது. குறைக்கச் சொல்வதோடு, காற்றும் வெயிலும் மிகுந்த நேரத்தில் கூடுதலாகப் பயன்படுத்தச் சொல்லவும் அதே செய்தி வடிவம் உதவும். மின்வண்டிகளின் மின்கல ஏற்றத்துக்கு இப்போது வெளிநாடுகளில் இது சோதிக்கப்படுகிறது.