அம்மையும் அனுதின உணவும்

இறப்புப் பதிவேடுகளில் நோயின் பெயரை எழுத ஓர் இடம் உண்டு. தட்டம்மை என்றோ நிமோனியா என்றோ அங்கே எழுதப்படும். இறந்த குழந்தை அதற்கு முந்தைய ஆறு மாதங்களில் என்ன உண்டது என்பதை எழுத அங்கே இடமில்லை. ஆனால் கடந்த நூற்றாண்டின் மருத்துவ வரலாற்றை ஊன்றிப் படிப்போமாயின், எழுதப்படாத அந்தச் செய்திக்கும் பல மரணங்களில் பங்கு இருந்தது என்பது புலனாகும். கிருமி எல்லார் வீட்டுக் கதவையும் தட்டுகிறது; எந்த வீட்டில் சாவு நுழையும் என்பதைப் பல வேளைகளில் அடுப்படியே முடிவு செய்கிறது. இந்த உண்மையை மனிதர் கண்டறிந்தனர். கண்டறிந்தபின் அரை நூற்றாண்டுக் காலம் அதைக் கைவிட்டனர். பின்னர் மீண்டும் கண்டெடுத்தனர். அந்த வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

கண்ணில் தொடங்கிய கதை

மாலைக்கண் நோய்க்கு ஈரல் நல்லது என்பது பழைய எகிப்தியரும் கிரேக்கரும் அறிந்திருந்த மருத்துவம். தோபித்து நூலிலும் வானதூதர் இரபேல், மீனின் பித்தப்பை, இதயம், ஈரல் ஆகியவற்றை எடுத்து வைக்குமாறு இளைஞர் தோபியாவைப் பணிக்கிறார். தந்தையின் கண்ணில் படர்ந்திருந்த வெண்படலத்தை நீக்கியது பித்தமே அன்றி ஈரலன்று. ஆகவே அந்நிகழ்ச்சியை இன்றைய அறிவியலின் முன்னறிவிப்பாக வலிந்து பொருள்கொள்ள வேண்டியதில்லை. எனினும், மனிதனின் நலம் அவன் உண்ணும் எளிய பொருள்களோடு பிணைந்துள்ளது என்னும் எண்ணம் எத்துணைப் பழமையானது என்பதை அது நினைவூட்டுகிறது.

வெண்ணெயிலும் முட்டையின் மஞ்சள் கருவிலும் கொழுப்பில் கரைந்து நிற்கும் ஓர் உயிர்ச்சத்து உண்டென்பதை 1913ஆம் ஆண்டில் அமெரிக்க அறிவியலார் கண்டறிந்தனர். விஸ்கான்சினில் மெக்காலம், டேவிஸ் என்போரும், யேல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆஸ்பார்ன், மெண்டல் என்போரும் தனித்தனியே இவ்வாய்வில் ஈடுபட்டிருந்தனர். இச்சத்தே பின்னாளில் 'வைட்டமின் ஏ' எனப்பட்டது.

அது இல்லையேல் என்ன நேரும் என்பதை முதல் உலகப் போர்க் காலத்தில் டென்மார்க் நாடு கண்கூடாகக் கண்டது. அது பசுக்களும் பாலும் நிறைந்த நாடு. ஆனால் வெண்ணெய்க்கு வெளிநாடுகளில் நல்ல விலை கிடைத்தது. எனவே வெண்ணெய் கப்பலேறியது. ஏழைகளின் குழந்தைகளுக்குக் கொழுப்பு நீக்கிய பாலும், உயிர்ச்சத்து இல்லாத மார்ஜரின் என்னும் மலிவுப் பொருளுமே எஞ்சின. கோபன்ஹேகனில் குழந்தை மருத்துவராகப் பணியாற்றிய கார்ல் பிளாக், விழி உலர்ந்து பார்வை இழக்கும் குழந்தைகள் பெருகுவதைக் கண்டார். அக்குழந்தைகள் நோயை எதிர்த்து நிற்கும் வலுவின்றி, மூச்சுக்குழாய் அழற்சிக்கும் நிமோனியாவுக்கும் எளிதில் இரையாவதையும் அவர் குறித்து வைத்தார். 1917ஆம் ஆண்டின் இறுதியில், போரின் நெருக்கடியால், வெண்ணெய் நாட்டுக்குள்ளேயே பங்கிட்டு வழங்கப்பட்டது. ஏழைகளின் தட்டுக்கும் வெண்ணெய் வந்தது. கண்நோய் விரைந்து குறைந்தது. புதிய மருந்து எதுவும் அங்கே கண்டுபிடிக்கப்படவில்லை. இருந்த பொருள் பங்கிடப்பட்டது, அவ்வளவே.

இலண்டனில் ஒரு சோதனை

வைட்டமின் ஏ தொற்றுநோயை எதிர்க்கும் ஆற்றலுடையது என்று 1928இல் ஷெஃபீல்டு நகரிலிருந்து கிரீன், மெல்லன்பி என்னும் இருவர் எழுதினர். இச்சத்து மறுக்கப்பட்ட விலங்குகள் பலவகைத் தொற்றுகளுக்கு ஆளாகி மடிந்ததை அவர்கள் கண்டிருந்தனர்.

அதைத் தொடர்ந்து இலண்டனில் க்ரோவ் மருத்துவமனை மருத்துவர் எலிசன் ஒரு சோதனையை மேற்கொண்டார். தட்டம்மை அந்நாளில் இலண்டன் ஏழைக் குழந்தைகளின் கொடிய பகைவன். அம்மை இறங்கும் வேளையில் நுரையீரலைப் பற்றும் நிமோனியாவே பெரும்பாலான குழந்தைகளைக் கொண்டுசெல்லும். எலிசன் 600 குழந்தைகளை இரு கூறாக்கி, 300 பேருக்கு வழக்கமான மருத்துவத்தோடு வைட்டமின் ஏ நிறைந்த மருந்தையும் கொடுத்தார். எஞ்சிய 300 பேருக்கு வழக்கமான மருத்துவம் மட்டுமே. மருந்து பெறாதவருள் 26 பேர் இறந்தனர். பெற்றவருள் 11 பேர் இறந்தனர். 1932இல் இம்முடிவு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது.

எவரும் இதை மறைத்துவிடவில்லை. எவரும் மறுத்துரைக்கவும் இல்லை. மறந்துவிட்டார்கள். 1935இல் சல்ஃபா மருந்துகள் வந்தன; அவற்றைத் தொடர்ந்து பெனிசிலின் வந்தது. கிருமியைக் கொல்லும் மருந்தின் பேரொளியில், குழந்தையை வலுவூட்டும் உணவின் சிறு விளக்கு மங்கிப்போயிற்று. வாழ்க்கை வசதி பெருகிய ஐரோப்பாவில் தட்டம்மைச் சாவும் குறைந்தது. அங்கே சாவு குறைந்ததும் கேள்வியும் நின்றது. ஆனால் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் குழந்தைகள் சாவது நிற்கவில்லை. மருத்துவ நூல்களில் வைட்டமின் ஏ கண்ணுக்குரிய சத்தாகவே நின்றுவிட்டது. இந்தியாவில் 1970இல் தொடங்கப்பட்ட தேசியத் திட்டமும் பார்வை இழப்பைத் தடுப்பதையே நோக்கமாகக் கொண்டிருந்தது.

மீண்டும் கண்டெடுத்தனர்

இந்தோனேசியாவில் குழந்தைகளின் கண்நோயை ஆராய்ந்த அமெரிக்கக் கண் மருத்துவர் ஆல்ஃபிரட் சோமர், தம் கணக்கேடுகளில் எதிர்பாராத ஒன்றைக் கண்டார். மாலைக்கண் போன்ற தொடக்கநிலைக் குறைபாடு மட்டுமே உள்ள குழந்தைகள், மற்றவரைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு வீதத்தில் இறந்துகொண்டிருந்தனர். 1983இல் அவர் இதை வெளியிட்டபோது பலரும் நம்பவில்லை. 1986இல் வெளிவந்த அச்சே மாநில ஆய்வில், 450 சிற்றூர்களில் வைட்டமின் ஏ கொடுக்கப்பட்ட பகுதிகளில் குழந்தை இறப்பு 34 விழுக்காடு குறைந்திருந்தது. 1987இல் தான்சானியாவின் முவுமியிலிருந்து தட்டம்மை பற்றிய ஆய்வு வந்தது. 1990இல் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில், கடுந்தட்டம்மை கண்ட 189 குழந்தைகளிடையே நிகழ்ந்த 12 இறப்புகளில் 10 வைட்டமின் பெறாத பிரிவிலேயே நிகழ்ந்தன. வைட்டமின் பெற்ற குழந்தைகள் நிமோனியாவிலிருந்து ஏறத்தாழ பாதி நாள்களில் தேறினர். எலிசன் 58 ஆண்டுகளுக்கு முன் சொன்னதையே உலகம் புதிதாகக் கேட்டது.

அதே 1990ஆம் ஆண்டில் நம் திருச்சி மாவட்டத்தின் பெயரும் இவ்வரலாற்றில் இடம்பெற்றது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்த ரஹ்மத்துல்லாவும் அவருடன் பணியாற்றியோரும் அம்மாவட்டத்தில் 15,419 குழந்தைகளை ஓராண்டு பின்தொடர்ந்தனர். வாரந்தோறும் வீடு தேடிச் சென்று சிறிதளவு வைட்டமின் ஏ கொடுக்கப்பட்ட குழந்தைகளிடையே இறப்பு 54 விழுக்காடு குறைந்தது. நெடுநாள் ஊட்டமின்றி வளர்ந்த குழந்தைகளே மிகுந்த பயன் பெற்றனர். இங்கு நாம் நின்று நோக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இருமலும் மூச்சுத் தொற்றும் வயிற்றுப்போக்கும் இரு பிரிவினருக்கும் ஒரே அளவில்தான் வந்தன. நோய் வருவது குறையவில்லை. நோயால் மாள்வது குறைந்தது.

இது எவ்வாறு இயலும்? மூச்சுக்குழாயின் உட்சுவர் ஈரமும் நுண்ணிய மயிரிழைகளும் கொண்டது. உள்ளே நுழையும் கிருமியையும் தூசியையும் அது ஓயாது வெளியே தள்ளுகிறது. வைட்டமின் ஏ குன்றினால் அச்சுவர் உலர்ந்து தோல்போல் தடித்துவிடுகிறது. உடலின் எதிர்ப்பாற்றலும் தளர்கிறது. தட்டம்மையோ, உடலில் எஞ்சியிருக்கும் சிறிதளவு சத்தையும் தீர்த்துவிடுகிறது. வெறுமையாய் இருக்கும் வீட்டில் கொள்ளையும் புகுந்த கதைதான்.

எல்லை அறிந்து கொள்வோம்

உண்மையைச் சொல்லும்போது அதன் எல்லையையும் சொல்வதே முறை. தட்டம்மை சாராத நிமோனியாவுக்கு வைட்டமின் ஏ கொடுத்துப் பார்த்தபோது இத்தகைய பயன் கிடைக்கவில்லை. உத்தரப்பிரதேசத்தில் பத்து இலட்சம் குழந்தைகளிடையே நடந்து 2013இல் வெளிவந்த ஆய்வில் இறப்பு 4 விழுக்காடே குறைந்தது. அதுவும் உறுதியாகச் சொல்ல இயலாத அளவு. குறை உள்ள இடத்தில்தான் நிறைவு பயன் தரும். அளவு மிஞ்சினால் இச்சத்தே ஈரலுக்கு நஞ்சாகும். 2025இல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் தட்டம்மை பரவியபோது, மிகுதியாக வைட்டமின் ஏ உட்கொண்ட குழந்தைகளிடம் அதன் நச்சுக்குறிகளை மருத்துவர்கள் கண்டனர். தட்டம்மைக்கு முதற்காப்பு தடுப்பூசியே. ஒன்பதாம் மாதத்தில் அத்தடுப்பூசியோடு முதல் வைட்டமின் ஏ சொட்டுமருந்தும் கொடுப்பது நம் நாட்டு நடைமுறை. இரண்டையும் நம் தாய்மார்கள் தவறவிடாதிருப்பார்களாக.

எனினும் சொட்டுமருந்து கொடுத்ததோடு நம் கடமை முடிந்துவிடாது. முருங்கைக்கீரையும் பப்பாளியும் முட்டையும் ஒரு குழந்தையின் தட்டுக்கு ஏன் வருவதில்லை என்ற கேள்வியைச் சொட்டுமருந்து கேட்பதில்லை. நாம்தான் கேட்க வேண்டும். டென்மார்க்கின் வெண்ணெய் நமக்குச் சொல்லும் பாடம் இதுவே: பற்றாக்குறை எப்போதும் விளைச்சலின் குறையன்று, பல வேளைகளில் அது பங்கீட்டின் குறை. ஆண்டவர் கற்பித்த செபத்தில் அனுதின உணவை 'எனக்கு' என்று கேட்க நமக்கு அனுமதியில்லை. 'எங்களுக்கு' என்றே கேட்கிறோம். அடுத்த வீட்டுக் குழந்தையின் தட்டு அந்தச் சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது.

யாயிரின் மகளை ஆண்டவர் உயிர்ப்பித்த நிகழ்ச்சியை மாற்கு நற்செய்தியாளர் விவரிக்கிறார். சிறுமி எழுந்து நடந்தாள். சுற்றி நின்றோர் மலைத்து நின்றனர். அந்த மலைப்பில் அவர்கள் மறந்துவிட்ட ஒன்றை ஆண்டவர் மறக்கவில்லை. அவளுக்கு உண்ணக் கொடுக்கும்படி சொன்னார். உயிரை அளித்தது அவர்; உணவை அளிக்கும் பொறுப்பை அந்த வீட்டாரிடம் விட்டார். இன்று அப்பொறுப்பு நம்மிடம் இருக்கிறது.