புள்ளியில்லாத சூரியன்கள்

விண்வெளிப் படம் என்றதும் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது, ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2022-இல் அனுப்பிய கரீனா நெபுலாதான். செம்பழுப்பு மலைத்தொடர் போல எழுந்து நிற்கும் தூசி, அதற்கு மேலே நீல வெளி. அழகுதான், சந்தேகமே இல்லை. ஆனால் தூத்துக்குடிக்காரனான எனக்கு அதைவிட நெருக்கமானவை கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் கறுப்பு வெள்ளைக் கண்ணாடித் தகடுகள். எல்லாவற்றிலும் ஒரே சூரியன். நேற்றும் அதே, இன்றும் அதே. இதில் என்னய்யா அழகு என்று கேட்டால், பஞ்சத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1876 முதல் 1878 வரை மதராஸ் மாகாணத்தை வதைத்த தாது வருஷப் பஞ்சத்தை நம் பாட்டிமார்களின் பேச்சில் கேட்டிருப்போம். அதே 1876-இல்தான் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. பிழைக்க வழிதேடி இலங்கைக்குப் போனவர்களில் பலர் எங்கள் துறைமுகத்தில்தான் கப்பலேறினார்கள். மறு வருடம் வில்லியம் ஹண்டரும் நார்மன் லாக்கியரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். சூரியப் புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறைகின்றன. அவை குறையும் காலத்தில் மதராஸில் மழையும் குறைகிறது என்பது அவர்கள் வாதம். அது உண்மையானால் அடுத்த பஞ்சத்தை முன்கூட்டியே சொல்லிவிடலாமே! சூரியனைத் தினமும் கவனிக்க இந்தியாவில் ஓர் ஆய்வகம் வேண்டும் என்ற கோரிக்கைக்கு இந்த நம்பிக்கையும் வலு சேர்த்தது. 1895-இல் கொடைக்கானலில் அடிக்கல் நாட்டினார்கள். 1899-இல் மிக்கி ஸ்மித் பொறுப்பில் வேலை தொடங்கியது.

அங்கே படமெடுத்த கருவி நம் அலுவலக ஸ்கேனரின் தாத்தா. மெல்லிய பிளவு ஒன்று சூரிய பிம்பத்தின் குறுக்கே நகரும். கால்சியம் உமிழும் 393.4 நானோமீட்டர் ஊதா ஒளி மட்டும் தகட்டில் வரிவரியாகப் பதியும். சாதாரணப் படத்தில் வெறும் தட்டாகத் தெரியும் சூரியன், இதில் வலைப்பின்னலும் பிரகாசத் திட்டுகளுமாக உயிர்பெறும். 1907-இல் வந்துசேர்ந்த ஜான் எவர்ஷெட், 1909 ஜனவரியில் புள்ளிகளின் நிறமாலையைப் படமெடுத்து, அவற்றின் விளிம்பில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தார். இன்றும் அதற்கு எவர்ஷெட் விளைவு என்றே பெயர்.

பஞ்ச ஜோசியம் மட்டும் பலிக்கவில்லை. பருவமழை அவ்வளவு எளிய கணக்கு இல்லை. பசிபிக் கடல்மேல் ஏறியிறங்கும் காற்றழுத்தத்துக்கும் அதில் பங்குண்டு என்று பிற்பாடு தெரிந்தது. "எதற்காக ஆரம்பித்தோமோ அது நடக்கவில்லை, கடையைக் கட்டலாம்" என்று சொல்லியிருக்கலாம். மென்பொருள் துறையில் நாங்கள் மூன்று மாதத்திலேயே அப்படிச் சொல்லிவிடுவோம். ஆனால் கொடைக்கானலில் படமெடுப்பது நிற்கவில்லை. சூரியனின் காந்தப்புலத்தைக் கருவிகள் முறையாகப் பதிவது 1970-களுக்குப் பிறகுதான் வழக்கமானது. அதற்கு முந்தைய காலத்துக்கு இந்தத் தகடுகளே சாட்சி. கால்சியம் ஒளி பிரகாசிக்கும் இடத்தில் காந்தப்புலம் வலுவாக இருக்கும் என்பதால், பழைய சூரியனின் காந்த வரலாற்றை இவற்றிலிருந்து மீட்கிறார்கள். இந்திய வான் இயற்பியல் நிறுவனம் இவற்றை எண்முறைப் படங்களாக்கி, ஆய்வாளர்களுக்குத் திறந்து வைத்திருக்கிறது.

எங்கள் கடற்கரைக்காரர்களுக்கு இந்தப் பொறுமை புதிதல்ல. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு வருடாவருடம் நடப்பதில்லை. பார்களைச் சோதித்து, சிப்பி முற்றியிருந்தால்தான் அறிவிப்பு வரும். இந்தியப் பக்கத்தில் கடைசியாக நடந்தது 1961-இல். முத்தும் ஒரே நாளில் உண்டாவதில்லை. அரை மைக்ரான் அளவிலான கனிமப் படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிய, ஒளி அவற்றுக்குள் குறுக்கிட்டு மினுமினுப்பாகிறது. குறிப்பிட்ட ஒரு நிறத்தை மட்டும் விடும் வானியல் ஃபில்டர்களும் இதே தத்துவத்தில், மெல்லிய படலங்களால்தான் செய்யப்படுகின்றன. மங்கலான நெபுலாவைப் படமெடுப்பவர்களும் அடுக்கத்தான் செய்கிறார்கள். ஒரே இடத்தை 100 முறை எடுத்துச் சராசரி கண்டால், இரைச்சல் பத்தில் ஒரு பங்காகும். வெப் படத்தின் வண்ணங்கள்கூட, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பல ஃபில்டர்களில் பதிந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுத்து அடுக்கியவையே. அதைப் பொய் என்று சொல்லமாட்டேன், மொழிபெயர்ப்பு என்பேன்.

2024 பிப்ரவரி 28 அன்று, எங்கள் மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. சிறிய செயற்கைக்கோள்களை, இலங்கையைச் சுற்றிப் போகாமல், நேராகத் தெற்கே அனுப்ப அது வசதியான இடம். அப்படிப் போகும் கோள்களுக்குச் சூரியனின் குணம் தெரிந்தாக வேண்டும். 2022 பிப்ரவரியில் ஒரு சாதாரணக் காந்தப் புயல், புதிதாக ஏவிய ஸ்டார்லிங்க் கோள்களில் 40 வரை வீழ்த்தியது. வளிமண்டலம் சூடாகி உப்பியதில், அவற்றால் மேலே ஏற முடியவில்லை. பசிக்காக எடுக்கத் தொடங்கிய படங்கள் இப்போது வேறொரு கவலைக்கு உதவுகின்றன. எடுத்தவர்களுக்கு அது தெரிந்திருக்க வழியே இல்லை.

1913-இல் பெரும்பாலான நாட்கள் சூரியனில் ஒரு புள்ளிகூட இல்லை. அப்போதும் கொடைக்கானலில் வானம் தெளிந்த நாட்களில் தகடு மாட்டி, அந்த வெற்று வட்டத்தைப் பதிந்து, தேதியிட்டு அலமாரியில் வைத்தார்கள். "இன்று ஒன்றுமில்லை" என்பதும் தகவல்தான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கரீனாவின் மலைகளை யாரும் ரசிப்பார்கள். அந்த வெற்று வட்டங்களையும் கொஞ்சம் நின்று பாருங்கள்.