பாவ்டக்கெட் பேஸ்பால் அணி: ஓர் ஐம்பதாண்டு வரலாறு

அமெரிக்காவின் மிகச் சிறிய மாநிலமான ரோட் ஐலண்டில், பிளாக்ஸ்டோன் ஆற்றங்கரையில் பாவ்டக்கெட் என்ற ஊர் இருக்கிறது. மக்கள்தொகை முக்கால் லட்சம் அளவில். சாமுவேல் ஸ்லேட்டர் என்ற இங்கிலாந்துக்காரர் 1790-களில் இந்த ஆற்றின் விசையைக் கொண்டு பஞ்சு நூற்கும் ஆலையை இங்கேதான் ஓட்டிக் காட்டினார். அந்த நாட்டின் ஆலைத்தொழில் வேர்விட்ட மண் இது. இருபதாம் நூற்றாண்டில் ஆலைகள் கூலி மலிவான தென் மாநிலங்களுக்குப் போய்விட்டன. ஊரில் மிஞ்சியவை செங்கல் கட்டடங்களும் வேலை இழந்த குடும்பங்களும்தான். அப்படிப்பட்ட ஊரில் ஒரு பேஸ்பால் அணி 1970 முதல் 2020 வரை இருந்தது. நாடறியப் பெயர் பெற்றது. பிறகு ஊரை விட்டே போய்விட்டது. ஒரு விளையாட்டு அமைப்பு எதனால் நிலைக்கிறது, எதனால் கைநழுவுகிறது என்ற இரண்டையும் இந்த ஒரே அணியின் கதையில் படித்துக்கொள்ளலாம்.

நம் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். அமெரிக்காவில் பெரிய நகரங்களின் அணிகள் ஆடுவது மேஜர் லீக். அதற்குக் கீழே பல படிகளாக இருப்பவை மைனர் லீக் அணிகள். இவை பெரும்பாலும் சிறிய நகரங்களில் இருக்கும். ஆட்டக்காரர்களும் பயிற்சியாளர்களும் மேலே உள்ள தாய் அணியிடம் சம்பளம் வாங்குபவர்கள். யார் எந்த ஊரில் ஆடுவது, யாரை எப்போது மேலே அழைப்பது என்பதெல்லாம் தாய் அணியின் முடிவு. ஊர் அணியின் முதலாளிக்கு மைதானப் பராமரிப்பு, டிக்கெட் விற்பனை, தின்பண்டக் கடை, விளம்பரப் பலகை ஆகியவைதான் மிச்சம். பாவ்டக்கெட்டின் தாய் அணி பாஸ்டன் ரெட் சாக்ஸ். பாவ்டக்கெட்டிலிருந்து பாஸ்டன் ஒரு மணி நேரப் பயணம்தான். காலையில் அழைப்பு வந்தால் மாலையில் அந்த இளைஞன் பாஸ்டன் மைதானத்தில் சீருடை போட்டு நிற்பான். ஆகவே இந்த ஊர் ரசிகர்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது: நல்ல ஆட்டக்காரனை நாலு மாதம் கொண்டாடுவது, அவன் மேலே போகும்போது மனநிறைவோடு அனுப்பிவைப்பது.

அணிக்கு முன்னே மைதானம் வந்தது. மேயர் தாமஸ் மெக்காய், பெருமந்தக் கால வேலைவாய்ப்புத் திட்டப் பணத்தைக் கொண்டு, ஒரு சதுப்புக் குட்டையைத் தூர்த்து விளையாட்டரங்கம் கட்ட முற்பட்டார். சேறு அடித்தளத்தை விழுங்கிக்கொண்டே இருந்தது. செலவு பன்னிரண்டு லட்சம் டாலர் வரை ஏறியது. மேயருக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று எதிர்க்கட்சிக்காரர்கள் பேசினார்கள். ஆனாலும் 1942-இல் அரங்கம் திறக்கப்பட்டது. மெக்காய் 1945-இல் மறைந்தபின், 1946-இல் அவர் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். அந்த ஆண்டே பாவ்டக்கெட் ஸ்லேட்டர்ஸ் என்ற அணி ஆட வந்தது. ஆலை நிறுவியவரின் பெயரை அணிக்கு வைத்தது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 1949-க்குப் பிறகு அந்த லீக்கே கலைந்துபோக, அணியும் கலைந்தது. 1966, 67-இல் கிளீவ்லேண்டின் கிளை அணி ஒன்று வந்து இரண்டு ஆண்டு ஆடிவிட்டுப் போனது.

1970-இல் ரெட் சாக்ஸ் தன் இரண்டாம் படி அணியை இங்கே கொண்டுவந்தது. 1973-இல் மைனர் லீக்கின் உச்சப் படியான மூன்று-ஏ அணி வந்து சேர்ந்தது. வந்த ஆண்டே இன்டர்நேஷனல் லீக் கோப்பையான கவர்னர்ஸ் கோப்பையை வென்றது. அடுத்த ஆண்டு ஜிம் ரைஸ் அந்த லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். பிற்காலத்தில் அவர் பேஸ்பால் புகழரங்கத்துக்கே போனவர். ஆட்டத்தில் குறையில்லை, நிர்வாகம்தான் நொண்டியது. முதலாளிகள் மாறினார்கள், கடன் ஏறியது. அரங்கத்தில் குடித்துவிட்டுக் கூச்சல் போடும் கூட்டத்துக்குப் பயந்து குடும்பத்தோடு வருபவர்கள் நின்றுபோனார்கள். 1976-இல் அணியின் பெயரை ரோட் ஐலண்ட் ரெட் சாக்ஸ் என்று மாற்றிப் பார்த்தார்கள். பெயர் மாற்றிக் கடன் தீருமா? அந்த நிர்வாகம் திவாலானது.

இந்த இடத்தில் பென் மோண்டோர் வருகிறார். கனடாவின் கியூபெக்கில் பிறந்து, பக்கத்து ஆலை ஊரான வூன்சாக்கெட்டில் வளர்ந்தவர். ஜவுளித் தொழிலில் சம்பாதித்து ஓய்வு பெற்றிருந்தார். பேஸ்பால் நடத்திய அனுபவம் ஏதும் கிடையாது. முன்னாள் ஆட்டக்காரரும் உள்ளூர் வங்கி அதிகாரியுமான செட் நிக்கல்ஸ்தான் அவரைப் பேசிப் பேசி இதில் இறக்கினார். 1977 ஜனவரியில் மோண்டோர் அணியை வாங்கினார். அந்த ஆண்டு லீக் ஆட்டங்களில் அணி முதலிடம் பிடித்தது. ஆனால் பருவம் முழுவதும் மைதானத்துக்கு வந்தவர்கள் எழுபதாயிரம் பேர் அளவில்தான்.

மோண்டோரும், இளம் மேலாளராக வந்து சேர்ந்த மைக் டாம்பரோவும் செய்த காரியங்களைக் கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். அரங்கத்தைக் கழுவிச் சுத்தம் செய்தார்கள். குடிகாரக் கலகக்காரர்களை உள்ளே விடவில்லை. வண்டி நிறுத்தக் கட்டணம் வாங்கவில்லை. டிக்கெட் விலையை ஆலைத் தொழிலாளி நாலு பேர் கொண்ட குடும்பத்தோடு வரக்கூடிய அளவிலேயே வைத்திருந்தார்கள். ஜவுளிக்காரருக்கு வாடிக்கையாளரின் அருமை தெரியும். தரமான சரக்கை நியாய விலைக்குக் கொடுத்தால் வந்தவர் மறுபடியும் வருவார் என்பது அவர் தொழிலில் கற்ற பாடம். இதைக் கால் நூற்றாண்டுக்கும் மேலாக விடாமல் செய்தார்கள். 1999-க்குள் அரங்கம் பத்தாயிரம் பேர் கொள்ளும்படி விரிவாக்கப்பட்டது. 2005-இல் ஒரே பருவத்தில் 6,88,421 பேர் வந்தார்கள். ஊர் மக்கள்தொகையைப் போல ஒன்பது மடங்கு!

அந்த அரங்கத்துக்கென்றே ஒரு வழக்கம் இருந்தது. பார்வையாளர் இருக்கைகள் ஆள் உயரத்துக்கு மேலே இருக்கும். ஆட்டக்காரர்கள் உட்காரும் கூடம் அதற்கு நேர் கீழே. கையெழுத்து வாங்க எட்டாது. எனவே பிள்ளைகள் பிளாஸ்டிக் பால் கேனை வெட்டி, அதற்குள் ஒரு பந்தையும் பேனாவையும் போட்டு, கயிற்றில் கட்டிக் கீழே இறக்குவார்கள். கீழே இருப்பவர் கையெழுத்துப் போட்டுக் கயிற்றை ஓர் இழுப்பு இழுத்தால் மேலே தூக்கிக்கொள்வார்கள். ஊரார் இதை மீன்பிடித்தல் என்றே சொல்வார்கள். அந்தத் தூண்டிலில் அகப்பட்டவர்களில் ரோஜர் கிளெமன்ஸ், மோ வான், நோமர் கார்சியாபாரா, டஸ்டின் பெட்ரோயா, மூக்கி பெட்ஸ் எல்லாரும் உண்டு. புற்றுநோய்ச் சிகிச்சை முடித்த ஜான் லெஸ்டர், 2007-இல் இந்த மைதானத்தில் ஆடித்தான் பழைய நிலைக்கு வந்தார். அதே ஆண்டு மேஜர் லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தில் பாஸ்டனுக்காகப் பந்தெறிந்து வென்றார்.

இனி, இந்த அணியை உலகம் அறிந்த இரவைச் சொல்ல வேண்டும்.

1981 ஏப்ரல் 18, சனிக்கிழமை. மறுநாள் ஈஸ்டர். எதிரணி நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் ரெட் விங்ஸ். விளக்குகளில் கோளாறு என்று அரை மணி நேரம் தாமதமாகி, இரவு 8.25-க்கு ஆட்டம் தொடங்கியது. கடுங்குளிர், காற்று வேறு. பேஸ்பாலில் ஒவ்வொரு அணிக்கும் ஒன்பது இன்னிங்ஸ். ஓர் இன்னிங்ஸில் மூன்று பேர் அவுட்டானால் எதிரணியின் முறை. ஒன்பது முடிந்தும் சமநிலை என்றால், ஒருவர் முந்தும்வரை கூடுதல் இன்னிங்ஸ் போய்க்கொண்டே இருக்கும், டிரா கிடையாது. ஏழாவது இன்னிங்ஸில் ராச்செஸ்டர் ஓர் ஓட்டம் எடுத்தது. ஒன்பதாவதில், தோல்வி நிச்சயம் என்ற நிலையில், பாவ்டக்கெட் ஓர் ஓட்டம் எடுத்துச் சமன் செய்தது. அதன்பின் பதினோரு இன்னிங்ஸ் இரு தரப்பிலும் ஓட்டமே இல்லை. 21-ஆவதில் ராச்செஸ்டர் மீண்டும் முந்தியது. இனி வீட்டுக்குப் போகலாம் என்று எல்லாரும் எழுந்தபோது, பாவ்டக்கெட்டின் மூன்றாம் பேஸ் ஆட்டக்காரர் வேட் பாக்ஸ் ஓர் இரட்டை அடியால் மறுபடி சமன் செய்துவிட்டார். மகிழ்வதா வருந்துவதா என்று அவருடைய அணிக்காரர்களுக்கே புரியவில்லை.

நள்ளிரவுக்குப் பிறகு ஒரு குறித்த நேரத்துக்கு மேல் புதிய இன்னிங்ஸ் தொடங்கக் கூடாது என்று லீக்கில் விதி உண்டு. நடுவர்கள் கையில் இருந்த விதிப்புத்தகத்தில் அந்த விதி விடுபட்டிருந்தது! எனவே ஆட்டத்தை நிறுத்த அவர்களுக்கு மனம் வரவில்லை. டாம்பரோ லீக் தலைவர் ஹரால்ட் கூப்பரைத் தொலைபேசியில் பிடிக்க முயன்றுகொண்டே இருந்தார். ஆட்டக்காரர்கள் உடைந்த மட்டைகளையும் மர பெஞ்சுகளையும் பீப்பாயில் போட்டு எரித்துக் குளிர்காய்ந்தார்கள். பாவ்டக்கெட்டின் பயிற்சியாளர் ஜோ மார்கன் நடுவரோடு வாதாடி 22-ஆவது இன்னிங்ஸில் வெளியேற்றப்பட்டார். வெளியே போனவர் சுவரில் இருந்த ஓட்டை வழியாக மீதி ஆட்டத்தைப் பார்த்தார். பந்தெறிந்து முடித்து வீடு திரும்பிய லூயிஸ் அபான்டேயை, இந்நேரம் வரை மைதானத்திலா இருந்தாய் என்று அவர் மனைவி நம்ப மறுத்ததும் நடந்தது. ராச்செஸ்டரின் ஜிம் அம்பார்கர் பத்து இன்னிங்ஸ் பந்தெறிந்து ஓர் ஓட்டமும் கொடுக்கவில்லை.

ஒருவழியாகக் கூப்பர் தொலைபேசியில் கிடைத்து, நடக்கும் இன்னிங்ஸோடு நிறுத்தச் சொன்னார். விடியற்காலை 4.07. முப்பத்திரண்டு இன்னிங்ஸ் முடிந்திருந்தது, கணக்கு 2-2. மாலையில் 1,740 பேர் வந்த அரங்கத்தில் 19 பேர் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். நிர்வாகம் அவர்களுக்கு இலவச அனுமதிச் சீட்டு கொடுத்துச் சிறப்புச் செய்தது. என் மனதில் இந்த வரலாற்றின் நாயகர்கள் அந்தப் பத்தொன்பது பேர்தான்.

மீதி ஆட்டம் ஜூன் 23-இல் தொடர்ந்தது. அப்போது மேஜர் லீக் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்ததால், நாட்டின் பத்திரிகையாளர்கள் பலரும் இங்கே திரண்டார்கள். அரங்கம் நிறைந்து 5,746 பேர். பதினெட்டே நிமிடம், 33-ஆவது இன்னிங்ஸில் டேவ் கோசா அடித்த பந்தில் மார்ட்டி பாரெட் ஓடிவந்து சேர, பாவ்டக்கெட் 3-2 என வென்றது. மொத்தம் 8 மணி 25 நிமிடம். தொழில்முறை பேஸ்பாலில் இதைவிட நீண்ட ஆட்டம் இன்றுவரை நடக்கவில்லை. அன்று எதிரெதிராக மூன்றாம் பேஸில் நின்ற வேட் பாக்ஸும் ராச்செஸ்டரின் கால் ரிப்கனும் புகழரங்கத்தில் இடம் பெற்றார்கள். வெற்றி ஓட்டத்தைத் தேடித்தந்த கோசாவோ மேஜர் லீக்கில் ஓர் ஆட்டமும் ஆடாமலேயே ஓய்வு பெற்றார். ஊர் அவரை மறக்கவில்லை.

1984, 2012, 2014 ஆகிய ஆண்டுகளில் அணி மறுபடி கவர்னர்ஸ் கோப்பையை வென்றது. இடையில் 2010 அக்டோபரில் மோண்டோர் காலமானார். அமைப்பு முழுவதும் அந்த ஒரு மனிதரின் நல்லெண்ணத்தில் நின்றிருந்தது என்பது அதன்பிறகு தெரிந்தது. மைதானம் நகராட்சியுடையது, அணி தனியார் சொத்து. 2015-இல் அவர் குடும்பமும் கூட்டாளிகளும் அணியை விற்றார்கள். வாங்கியவர்கள் முதலில் மாநிலத் தலைநகர் பிராவிடன்ஸுக்கு அணியைக் கொண்டுபோகப் பார்த்தார்கள், அது நடக்கவில்லை. பிறகு பாவ்டக்கெட்டிலேயே புதிய அரங்கம் என்றார்கள். பொதுப்பணம் எவ்வளவு, பொறுப்பு யாருக்கு என்ற இழுபறியில் மாநிலச் சட்டமன்றம் நாள் கடத்தியது. வரிப்பணத்தைக் காக்க நினைத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பேச்சு நடந்த மேசையில் ரசிகனுக்கு நாற்காலி இல்லை. 2018 ஆகஸ்டில், பக்கத்து மாநிலமான மாசசூசெட்ஸில் உள்ள வூஸ்டர் நகருக்கு அணி போகும் என்ற அறிவிப்பு வந்தது.

கடைசிப் பருவம் 2020 என்று திட்டம். கொரோனா வந்து அந்தப் பருவமே ரத்தானது. விடைகொடுக்கும் ஆட்டம்கூட ஊருக்குக் கிடைக்கவில்லை. அந்தக் கோடையில் மைதானப் புல்வெளியில் மேசை போட்டு உணவு பரிமாறினார்கள். அணியைப் பார்க்க முடியாதவர்கள் அங்கே வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். 2021-இல் அணி வூஸ்டரில் ஆடத் தொடங்கியது. மெக்காய் அரங்கத்தை இடிக்கும் பணி 2025-இல் தொடங்கியது; அந்த இடத்தில் உயர்நிலைப் பள்ளி வரப்போகிறது. பிள்ளைகள் படிக்கப்போகும் இடம் என்பதில் ஓரளவு ஆறுதல் உண்டு.

அந்த நீண்ட ஆட்டத்தில் தோற்ற ராச்செஸ்டரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அந்த அணியின் தாய் அணி 1957-இல் அதைக் கைவிட முற்பட்டபோது, மோரி சில்வர் என்ற உள்ளூர் வணிகர் முன்னின்று ஊராரிடம் பங்குகளை விற்று, அணியை ஊர்ச் சொத்தாக்கினார். பங்கு வாங்கியவர்கள் எட்டாயிரத்துக்கும் மேல். மோண்டோர் அவரைவிட எந்த வகையிலும் குறைந்தவர் அல்லர்; ஆனால் தாம் கட்டிக் காத்ததை ஊரார் பெயரில் எழுதிவைக்கும் ஏற்பாடு அவரிடம் இல்லை. இந்த வரலாற்றில் நான் காணும் ஒரே குறை அதுதான். ராச்செஸ்டர் ரெட் விங்ஸ் இன்றும் ராச்செஸ்டரில்தான் ஆடுகிறது.