நுரைக்கும் மரப்பட்டை

பூந்திக்கொட்டை நுரைக்கக் காரணம் சபோனின். சிலி நாட்டு குயில்லாயா மரப்பட்டையிலும் அது உண்டு. மாப்புச்சே மக்களுக்கு அதுதான் சோப்பு. ஆனால் ரத்தத்தில் கலந்தால் வம்பு: செல் சவ்விலுள்ள கொலஸ்ட்ராலைப் பிடித்து ஓட்டை போட்டுவிடும், சிவப்பணுக்கள் உடையும்.

1974இல் டென்மார்க்கின் டால்ஸ்கார்ட் பட்டைச்சாற்றைச் சுத்திகரித்து ‘குயில்-ஏ’ எடுத்தார். கால்நடைத் தடுப்பூசிக்கு சரி, மனிதருக்கு நச்சு அதிகம். 1991இல் கென்சில் குழு அதைப் பகுதி பகுதியாகப் பிரித்து, நச்சு குறைந்த ‘கியூஎஸ்-21’ஐத் தனியே எடுத்தது.

மிச்சத் தீர்வு ரொம்ப சிம்பிள்: கொலஸ்ட்ரால் கலந்த கொழுப்புக் குமிழிக்குள் அதை வைத்தார்கள். சபோனின் அதையே பிடித்துக்கொள்ள, நம் செல்கள் தப்பின. 2017இல் அமெரிக்கா அனுமதித்த அக்கித் தடுப்பூசி ஷிங்ரிக்ஸில் டோஸுக்கு 50 மைக்ரோகிராம் இருக்கு.

‘மூலிகைதானே, ஒண்ணும் பண்ணாது’ என்பவர்களிடம் இந்தக் கதையைத்தான் சொல்றேன்.