கண்டியில் இரண்டாம் மொழிக் கற்பித்தலும் மொழியியலும்

கண்டி நகரிலும் சுற்றியுள்ள தோட்டப்பகுதிகளிலும் சிங்களமும் தமிழும் அருகருகே புழங்குகின்றன. பாடசாலையிலும் அரச அலுவலகத்திலும் ஒன்றை மற்ற மொழியினருக்குக் கற்பிக்கும்போது மொழியியல் பெரிதும் உதவும். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த எம். ஏ. நுஃமான் இந்தத் துறையில் முக்கியமானவர். தமிழ், சிங்களப் பெயர்த்தொடர்களை ஒப்பிட்டு ஆராய்ந்த அவர், இக்காலத் தமிழை விளக்கும் ‘அடிப்படைத் தமிழ் இலக்கணம்’ நூலை 1999இல் வெளியிட்டார்.

தாய்மொழியும் கற்கும் மொழியும் வேறுபடும் இடத்திலேயே மாணவர் தடுமாறுவர் என்பது 1957இல் ராபர்ட் லாடோ முன்வைத்த ஒப்பீட்டுக் கொள்கை. கண்டி வகுப்பறையில் முதலில் ஒற்றுமைகளே கண்ணில் படும். இரு மொழியிலும் வினை கடைசியில் வரும். ‘எனக்குப் பசிக்குது’ என்பதைப் போலவே சிங்களத்திலும் பசிப்பவர் நான்காம் வேற்றுமையில்தான் நிற்பார்.

சிக்கல் ஒலியில் தொடங்குகிறது. சிங்களத்தில் வாய்க்கு ஒரு சொல், கடைகளுக்கு ஒரு சொல். தமிழ் எழுத்தில் இரண்டையும் ‘கட’ என்றே எழுதலாம். சிங்களவர் காதில் அவற்றின் டகரங்கள் வெவ்வேறு, முன்னது வல்லோசை, பின்னது மெல்லோசை. தமிழ் மாணவர் இரண்டையும் மெல்லோசையிலேயே சொல்லிவிடுவார். மறுபக்கம் சிங்கள மாணவருக்கு ‘வால்’, ‘வாள்’ இரண்டும் ஒன்றாகவே கேட்கும். அவர் எழுத்தில் ளகரம் உண்டு, பேச்சில் இல்லை.

வினையிலும் இப்படித்தான். பேச்சுச் சிங்களத்தில் நானும் ‘யனவா’, அவரும் ‘யனவா’. தமிழில் நான் போறேன், அவர் போறார். பூனை இருப்பதற்கும் புத்தகம் இருப்பதற்கும் தமிழில் ‘இருக்கு’ போதும். சிங்களத்தில் உயிருள்ளதற்கு ‘இன்னவா’, உயிரற்றதற்கு ‘தியெனவா’. பிழைகளை மாணவர் தாமே கட்டும் விதிகளின் தடயமாகப் பார்க்கலாம் என்று பிட் கோர்டர் 1967இல் எழுதியது இங்கே பொருந்தும். பூனைக்கும் ‘தியெனவா’ போடும் பிள்ளை சோம்பேறியல்ல.

ஒப்பீட்டைவிடப் பெரிய விஷயம் இரட்டை வழக்கு, அதாவது எழுத்துக்கு ஒரு நடையும் பேச்சுக்கு வேறொரு நடையும் இருப்பது. சார்ள்ஸ் பெர்குசன் 1959இல் விளக்கிய இந்நிலை இரு மொழிக்கும் உண்டு. எழுத்துச் சிங்களத்தில் வினை, எழுவாய்க்கேற்ப மாறும், பேச்சில் மாறாது. எழுத்து நடையிலிருந்து தொடங்கும் பாடம் பரீட்சைக்கு உதவலாம், பேச்சுக்கு உதவாது.

2007 ஜூலை 1க்குப் பின் அரச சேவையில் சேர்ந்தவர்கள் ஐந்து ஆண்டுகளுக்குள் மற்ற ஆட்சிமொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்பது விதி. பிரதேச செயலகத்துக்கு வரும் தோட்டத் தொழிலாளி பேச்சுத் தமிழில்தான் கேட்பார். அவருக்குப் பதில் சொல்லும் சிங்கள அலுவலருக்கான தமிழ்ப் பாடம் பேச்சிலிருந்தே தொடங்க வேண்டும்.